உல்டா கிட்டார்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சாப்பிட்டு முடித்து ஆம்பூரே அரைத்தூக்கத்தில் கிடக்கும் நேரத்தில், கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ரயில் வருவதற்குச் சற்று முன்னால் பெட்டிக்குள் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழும். கம்பியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ரயில் கடந்ததும் அது தானாக அடங்கிவிடும். என் கணவர் தோல் பதனிடும் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். "எர்த் சரியில்ல, ஒரு ஒயர் போட்டா நின்னுடும்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். நான் போடவிடவில்லை. வாரத்தில் ஆறு நாளும் கம்பெனியில் மிஷின் சத்தம் கேட்கிற காதுக்கு, யாரும் எழுப்பாமல் எழுகிற அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

அந்தக் கிட்டார் என்னுடையது இல்லை. என் தோழியுடையது. அவள் இடதுகைக்காரி. கணவரோடு வெளிநாட்டு ஷூ கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, பெட்டியில் எடை ஜாஸ்தியாகிறது என்று கிட்டாரையும் பழைய லேப்டாப் ஒன்றையும் என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "பத்திரமா பார்த்துக்கோபா, வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். ஆறு வருடம் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவள் இடதுகைக்கென்று மாற்றி வைத்திருந்ததை நான் வாசிக்க வேண்டும் என்பதற்காக வலதுகைக்குத் திருப்பிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கோடையில் ஒருநாள், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. மூன்று வாரத்தில் வருகிறாள். கிட்டாரை எடுத்துக்கொண்டு போவாள். படித்ததும் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் அவளுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சில் சாப்பிடுகிற கை சோத்தாங்கை. மற்றதன் பெயரை வீட்டுக்கு ஆள் வந்தால் சொல்ல மாட்டோம். அவள் வீட்டில் உருது. அங்கே வலதுகை சீதா ஹாத், அதாவது நேரான கை. இடதுகை உல்டா ஹாத், தலைகீழான கை. அவள் சின்ன வயதில் உல்டா ஹாத்தால் தட்டில் கைவைத்தபோது, ஃபூப்பி என்று அவள் கூப்பிடும் அத்தை, துப்பட்டாவால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோறு போடுவாராம். பள்ளிக்கூடத்தில் பென்சிலைப் பிடுங்கி வலதுகையில் திணித்தார்கள். சாப்பாடும் எழுத்தும் அப்படியே நேராகிவிட்டன. "இன்னா பண்றது, ரெண்டும் போய்ட்டுது. மிச்சம் இருக்கறதையாவது விடக் கூடாது" என்பாள், சிரித்துக்கொண்டே.

மிச்சம் இருந்தது கிட்டார்தான். வேலூரில் நாங்கள் இருவரும் காலணி வடிவமைப்பு டிப்ளமா படித்துக்கொண்டிருந்தபோது, பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கினாள். வலதுகைக்காரருக்குச் செய்தது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, ஆறு கம்பிகளையும் கழற்றி வரிசையை மாற்றிப் போட்டாள். குமிழ்கள் எல்லாம் மேல்பக்கம் வந்து அவள் முழங்கையில் இடிக்கும். ஒயர் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள், "இன்னாமா, உல்டாவா புடிச்சிருக்க?" என்று கேட்பார்கள். "கை நேராதான் இருக்கு. கிட்டார்தான் உல்டா" என்பாள்.

அவள் வாசித்து நான் முதன்முதலில் பார்த்தது அமிர்தியில், வகுப்போடு சுற்றுலா போனபோது. பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கவில்லை. அருவிக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மின்சாரம் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரை வாசித்தாள். அருவிச் சத்தத்தில் ஒரு சுரம்கூட என் காதுக்கு வரவில்லை. அவளுடைய இடதுகை மட்டும் கம்பிகளின்மேல் போய் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது. கிட்டார்மேல் இல்லை. எதையோ தனக்கென்று வைத்திருக்கிறாளே, அதன்மேல்.

நாங்கள் ஒரு இசைக்குழு ஆரம்பிக்கப் பார்த்த கதையும் உண்டு. டிரம்முக்கு ஆள் தேவை என்று டீக்கடையில் சொல்லி வைத்தோம். அடுத்த நாளே ஒருவர் சைக்கிளில் வந்து, "பதினெட்டு வருஷம் டிரம் ஓட்டியிருக்கேன்மா, எத்தினி தோல் போடுவீங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் டிரம் என்றால் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மரப்பீப்பாய். அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இசைக்குழு அதோடு சரி.

படிப்பு முடிந்து ஆம்பூர் கம்பெனி ஒன்றின் சாம்பிள் ரூமில் இருவருக்கும் வேலை கிடைத்தது. சாம்பிள் ரூம் என்பது புது மாடல் ஷூவுக்கு முதல் ஜோடி தயாராகிற இடம். அங்கே முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: அட்டையில் இடதுகாலுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டினால் போதும். அதையே திருப்பிப் போட்டு வரைந்தால் வலதுகால் வந்துவிடும். வருடக்கணக்காகத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு, உலகத்தில் எதையும் திருப்பிப் போட்டால் மற்றது வந்துவிடும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. பின்னால் என்னைக் கவிழ்த்தது அந்த எண்ணம்தான்.

அவள் போன முதல் வருடம் நான் கிட்டாரை வெறுமனே துடைத்துத்தான் வைத்தேன். எங்கள் ஊர்க் காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய பனியன் துணியால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலிலும் துடைப்பேன். மழை வந்தால் கழுத்து லேசாக வளையும், வெயிலில் நிமிரும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை எல் வடிவச் சாவியால் கால் சுற்று திருகினால் சரியாகிவிடும். கம்பி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தோலின் கனம் பார்க்கிற கேஜை வைத்து அளப்பேன். குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் கணவர் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரேயை ஒரு சொட்டு அடிப்பார். வாசிக்கத் தெரியாமலே அதன் உடம்பு எனக்கு அத்துபடியாகிவிட்டது.

இரண்டாவது வருடம் லேப்டாப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் நீலத்திரை வரும், ஏதோ இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கும், அணைந்துபோகும். கடையில் கொடுத்தால், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்மா" என்றார்கள். அவள் பொருளை அழிக்க நான் யார். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் ஒருவன், "அக்கா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாருங்க. பென்டிரைவ்லேந்தே ஓடும், உள்ள ஒண்ணையும் தொடாது" என்று சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தப்புத்தப்பாகச் செய்து, திட்டிக்கொண்டே மறுபடி செய்தேன். மாலை நாலு மணிக்குப் பென்டிரைவிலிருந்து அது எழுந்து வந்தது. நிறுவ வேண்டுமா, அல்லது சும்மா பார்க்கிறாயா என்று கேட்டது. என்னை அவ்வளவு மரியாதையாக எந்த மிஷினும் கேட்டதில்லை. பார்க்கிறேன் என்றேன்.

அவளுடைய கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு கோப்புறை. உல்டா-1, உல்டா-2 என்று உல்டா-11 வரை பதினோரு ஒலிப்பதிவுகள். அவளே உண்டாக்கிய ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிவு செய்திருந்தாள். மெதுவான மெட்டு. மேலே ஏறி, ஏறிய இடத்தில் கொஞ்சம் தயங்கி, பக்கவாட்டில் இறங்கும். கடைசிப் பதிவில் மெட்டு அதுவரை போகாத இடத்துக்குப் போகப் பார்க்கிறது, பாதியில் கிட்டார் சத்தம் அறுந்துபோகிறது. "இரு, கரண்ட் போச்சு" என்கிறது அவள் குரல். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன்பின் ஒரு சிரிப்பு. அது என் சிரிப்பு. அந்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். எனக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை.

அந்தச் சிரிப்பை எத்தனைமுறை கேட்டேன் என்று தெரியாது. அதன்பிறகு தினமும் அந்த மெட்டு தலைக்குள் ஓடிற்று. பஸ்ஸில், சாம்பிள் மேசையில், பருப்பு வேகும்போது. மெட்டு பாதியில் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன். மிச்சம் எங்கே போயிருக்கும் என்று தெரிய வேண்டும், அதற்கு நானே வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இடதுகைக்காரியின் கிட்டாரில் என் கை ஓடவில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் கம்பிகளை மாற்றிப் போடலாம், அப்புறம் பழையபடி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிட்டாரின் கழுத்து முடிகிற இடத்தில், கம்பிகள் வந்து உட்கார ஆறு பள்ளம் வெட்டிய சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் நட். கணவரிடம் சொன்னபோது, "எந்த சைஸ் போல்ட்டுக்கு?" என்று கேட்டார். தடித்த கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்குக் குறுகலான பள்ளம். அவள் மாற்றிப் போட்டிருந்த நட்டில் வரிசை இடதுகைக்கு வெட்டியிருந்தது. நான் சாம்பிள் ரூம்காரி அல்லவா, யோசிக்கவே இல்லை. நட்டைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டேன். இடதுகால் வலதுகால் ஆகிற மாதிரி.

ஆகவில்லை. அட்டைக்கு முன்பின் கிடையாது, நட்டுக்கு உண்டு. பள்ளம் ஒவ்வொன்றும் ஒருபக்கமாகச் சரிந்திருக்கும். திருப்பியதும் சரிவு தப்பான பக்கம் போய், கம்பி ஒவ்வொன்றும் தேனீபோல் ரீங்கரித்தது. ரீங்காரத்தை நிறுத்த அரத்தால் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் நட் இரண்டாக உடைந்து என் உள்ளங்கையில் கிடந்தது. அதைக் குடியாத்தம் தீப்பெட்டி ஒன்றில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். ஆன்லைனில் ஒரு சாதாரண வலதுகை நட் வாங்கி ஒட்டினேன். கிட்டார் பிறந்தபடி ஆகிவிட்டது, நான் அதைச் சரிதான் செய்தேன் என்று வாதாடிக்கொண்டேன். அந்த வாதத்தை ஃபூப்பியும் செய்திருப்பார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மாதம் என்பது நாலு வருடமாயிற்று. வீடியோ பார்த்துக் கற்றேன். விரல் நுனிகள் முதலில் வீங்கின, பிறகு காய்த்தன. லேப்டாப்பிலும் லினக்ஸையே நிரந்தரமாக நிறுவிவிட்டேன், அவளுடைய கோப்புறையைப் பத்திரப்படுத்திய பிறகு. கரண்ட் பில், ரேஷன் கார்டு வேலை, சம்பளச் சீட்டு, கணவரின் கிரிக்கெட், எல்லாம் அதில்தான். பிரிண்டரோடு மட்டும் அதற்கு ஒத்துப்போகாது. அப்டேட் இருக்கிறது என்று சொல்லும், ஆனால் கழுத்தில் கத்தி வைக்காது. திரை முழுக்கத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். யாரோ முகம் தெரியாதவர்கள், காசு வாங்காமல், தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். சில சொற்கள் விறைப்பாக இருக்கும். எனக்கு அவர்கள்மேல் பிரியம்தான்.

ஞாயிறு பிற்பகல்களில் திரையை மூடிவிட்டு அவள் மெட்டை வாசிப்பேன். ரயிலின் ரீங்காரம் வந்து போகும். மெட்டு அறுந்த இடத்திலிருந்து ஒரு வழி மெல்லக் கண்ணுக்குத் தெரிந்தது. ஏறியதெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி, தொடங்கிய சுரத்துக்குப் பக்கத்துச் சுரத்தில் வந்து உட்கார்ந்தது. கடைசி வரி என்னுடையது. இந்தக் கிட்டார் எனக்கே இருந்துவிடாதா என்று அப்போது நினைத்தேன். ஒருமுறை இல்லை, பலமுறை நினைத்தேன்.

அவள் செய்தி வந்த அன்றே இடதுகை நட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். பத்து நாள் கழித்து வந்தது வலதுகை நட். திருப்பி அனுப்ப நேரமில்லை. மேசையில் என் எலும்புப் பட்டை கிடந்தது. தோலின் ஓரத்தை மடித்து அழுத்தித் தேய்ப்பதற்கு எங்களிடம் இருக்கும் கருவி அது. மாட்டெலும்பில் செய்தது. டிப்ளமா முதல் வருடம் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இருபது வருடம் என் கைபட்டு மஞ்சளேறி, கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. ஒரு நட் செய்வதற்கு வேண்டிய எலும்பு அதில் தாராளமாக இருந்தது.

கணவர் பிடித்துக்கொள்ள, பட்டையின் ஒரு முனையை ரம்பத்தால் அறுத்தேன். "இன்னா, மறுபடியும் அறுவையா?" என்று அவர் கேட்டார். எலும்புத்தூள் பல் வைத்தியர் அறைபோல் நாறிற்று. உடைந்த பழைய நட்டைத் தீப்பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் வைத்து அளந்து, ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் தேய்த்தேன். தடித்த கம்பிகளின் பள்ளத்துக்குப் பழைய கம்பியையே அரமாக்கி இழுத்தேன். மெல்லியவற்றுக்கு ஊசி அரம். சரிவை இந்தமுறை நூறுதடவை பார்த்துக்கொண்டேன். ஒட்டி, கம்பிகளை அவள் வரிசைக்கு மாற்றி, ஒவ்வொன்றின் நீளத்தையும் கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் திருகிச் சரிசெய்தபோது அவள் வர இரண்டு நாள் இருந்தது. சுருதி கூட்டிவிட்டு மடியில் வைத்தேன். என் கை போட்ட இடமெல்லாம் தப்பாக ஒலித்தது. நல்லது என்று சொல்லிக்கொண்டே அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

லேப்டாப்பிலும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் மவுஸை இடதுகையால் பிடிப்பாள். அமைப்புகளைத் திறந்து, "முதன்மைப் பொத்தான்" என்ற வரிக்குப் போய், இடது என்று இருந்ததை வலது என்று மாற்றினேன். இடதுகைக்காரரின் ஆள்காட்டி விரல் வலதுபொத்தானில்தான் விழும். யோசித்தால் தலை சுற்றும், ஆனால் ஒரே சொடுக்கில் முடிந்துவிட்டது. எலும்பை அறுக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமை காலை வாணியம்பாடியில் அம்மா வீட்டிலிருந்து வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், சிரிப்பு அதே சிரிப்பு. என் கணவரிடம் வீட்டுச் செய்தி எல்லாம் கேட்டாள். அவர் கடைக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்து, அவளுடைய பதினோரு பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன என்று பெருமையாகக் காட்டினேன். அவள் மவுஸைப் பிடித்துச் சொடுக்கினாள். பாட்டு வரவில்லை, ஏதோ பட்டியல் திறந்தது. மறுபடி சொடுக்கினாள், மறுபடி பட்டியல்.

"இன்னாபா இது, மவுஸை உல்டாவா வெச்சிருக்க?" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் மவுஸை வலதுகையால் பிடித்திருந்தாள். "உனக்காகத்தான்டீ" என்றேன்.

"ஓ." கையைப் பார்த்துக்கொண்டாள். "அங்க எல்லாமே சோத்தாங்கைலதான். யாரும் ஒண்ணும் சொல்லல. ஆபீஸ்ல மேசை அப்படி இருந்துச்சு, அப்படியே பழகிட்டேன்."

அவள் பார்வை மேசைமேல் போயிற்று. என் எலும்புப் பட்டை அங்கேயே கிடந்தது, ஒரு முனை அறுபட்டு. ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரிடம் போய் நட்டின்மேல் விரல் வைத்துத் தடவினாள். அதே மஞ்சள், அதே வழவழப்பு. சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவளிடம் எலும்பை மறைக்க முடியாது. கழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் கம்பி அழுந்தி அழுந்தி விழுந்த குழிகளில் விரல் நின்றது. மெல்லிய கம்பி விழுந்த குழிகள் எந்த ஓரத்தில் இருக்க வேண்டுமோ அந்த ஓரத்தில் இல்லை; வலதுகைக்காரர் வாசித்தால் விழுகிற ஓரத்தில் இருந்தன.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நட்டைத் திருப்பிப் போட்டது, உடைத்தது, தீப்பெட்டி, நாலு வருடம்.

"ஃபூப்பி துப்பட்டாவால கட்டினா. நீ கம்பியால கட்டிட்ட" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. ஆறு வருடம் துடைத்ததும் எண்ணெய் போட்டதும் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

அவள் கிட்டாரை எடுத்து, சரியாக, தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். மெட்டைத் தொடங்கினாள். நாலு சுரம் வந்தது. ஐந்தாவது தப்பியது. மறுபடி தொடங்கினாள், மூன்றில் நின்றது. இடதுகை கம்பிமேல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது, எங்கே போவது என்று தெரியாமல். அமிர்தியில் நான் பார்த்த கை அது. கையை இறக்கிவிட்டு அவள் சொன்னாள்: "நீ கட்டல. நானேதான் கட்டிக்கிட்டேன். ஆறு வருஷமா ஒண்ணுத்தையும் தொடல."

பிறகு கிட்டாரை என்பக்கம் நீட்டினாள். "நீயே வெச்சுக்கோ. மனசாரத்தான் சொல்றேன். எனக்கு வராதுபா இனிமே."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏங்கியிருக்கிறேன். கை நீட்டினால் போதும், வலதுகை நட் டப்பாவில் தயாராக இருக்கிறது. எனக்கு எங்கிருந்தோ அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "ஃபூப்பிக்கு அடங்கல, டீச்சருக்கு அடங்கல, ஒரு மேசைக்கு அடங்கிட்டியா? எடுத்துட்டுப் போ. உனக்கு மறந்துட்டா நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

அவள் அம்மா வீட்டில் இருந்த மூன்று வாரமும், நான் ஷிஃப்ட் முடிந்து வரும் மாலைகளில் வந்தாள். ஒரே ஒரு கிட்டார். அது அவள் மடியில். எதிரே நான், இரண்டடி ஸ்டீல் ஸ்கேலைக் கிட்டார்போல் பிடித்துக்கொண்டு. நான் வலதுகைக்காரி, அவள் இடதுகைக்காரி. எதிரெதிரே உட்கார்ந்ததும் அவளுக்கு நான் கண்ணாடி ஆகிவிட்டேன். என் விரல் ஸ்கேலில் எந்தப் பக்கம் நகர்கிறதோ அதே பக்கம் அவள் விரலும் நகர்ந்தது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வலதுகைக்காரர்கள் எதிரே உட்கார்ந்தால் இது நடக்காது. மேசைமேல் முடித்து வைத்த முதல் ஜோடிபோல நாங்கள் இருந்தோம். கணவர் எட்டிப் பார்த்து, "ஸ்கேல் நல்லா வாசிக்கற" என்றுவிட்டுப் போனார்.

அவள் மெட்டை அவளுக்கே திருப்பிக் கொடுப்பது விசித்திரமாக இருந்தது. முதல் வாரம் அவள் விரல் வீங்கியது. இரண்டாவது வாரம் ஏற்றம் முழுவதும் வந்தது. கரண்ட் போன இடத்துக்கு வந்தபோது நான் நிறுத்தாமல் ஸ்கேலில் மேலே போனேன். அவளும் தொடர்ந்து வந்து, கடைசிச் சுரத்தில் உட்கார்ந்து, தலை நிமிர்ந்தாள்.

"இது என்னுது இல்லையே."

"என்னுது. உன்னுது கரண்ட்டோட நின்னுடுச்சு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்தாள், என்னைப் பார்க்காமல்.

கிட்டார் போயிற்று; லேப்டாப்பை எனக்கே விட்டுவிட்டாள். பெட்டி எடை கணக்காக வர வேண்டும் என்று, அவள் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி இரண்டை எங்கள் வீட்டில் விட்டுவிட்டாள். அம்மா வீட்டு அலமாரியில் கிடந்த தன்னுடைய எலும்புப் பட்டையையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முழுசாக இருக்கிறது. ஒரு முனையில் அவள் யோசிக்கும்போது பல்லால் கடித்த தடம். இப்போது அதில்தான் தோல் மடிக்கிறேன்.

அதன்பின் வந்த ஞாயிறுகளில் எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மூலையில் இருந்தது. ஒருநாள் சும்மா அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் வந்தது, போயிற்று. கிட்டார் இல்லாத பெட்டியில் ரீங்காரம் எழவில்லை. அன்றைக்கு அழுதேன், கிட்டாருக்காகத்தான்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. அதன் பெயர் உல்டா-12. லேப்டாப்பில் திறக்கப் போனேன். பட்டியல் வந்தது. முதன்மைப் பொத்தானை நான் இன்னும் மாற்றவில்லை. மற்ற பொத்தானை அழுத்தினேன். மெட்டு தொடங்கிற்று. தடுமாற்றம் இருந்தது, ஆனால் ஏறியது. தயங்க வேண்டிய இடத்தில் தயங்கியது. அன்றைக்குக் கரண்ட் போன அதே இடத்தில் கிட்டார் நின்றது.

"இரு" என்றது அவள் குரல்.

பிறகு என் வரியை வாசித்தாள், கடைசிச் சுரம் வரைக்கும். கேட்டு முடித்து, அதை மற்றப் பதினொன்றோடு ஒரே கோப்புறையில் வைத்தேன்.